அனுமதி அண்ணாச்சியின் விக்கல்

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் அனுமதி அண்ணாச்சியைப் போல மோசமான அபிப்பிராயங்கள் கொண்ட மனிதர் இதுவரை பிறந்ததில்லை. அந்த அபிப்பிராயங்களை அவரைப் போல மரியாதையாகச் சொன்னவரும் பிறந்ததில்லை. இது என் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். வண்ணார்பேட்டையில் அது யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் சீவலப்பேரிப் பக்கம் வயலும் வரப்புமாக இருந்த சைவக் குடும்பம். இவர் காலத்தில் வயல் போய், தாலுகா ஆபீஸ் உத்தியோகம் வந்தது. அங்கே முப்பத்துச் சொச்சம் வருஷம் ஊரே இவரிடம் அனுமதி கேட்டு வரிசையில் நின்றது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து இவர் ஊரிடம் அனுமதி கேட்க ஆரம்பித்தார். பாவத்தைக் கழிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். வேறு வேலை இல்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார்கள்.

அவருடைய முறை இதுதான். வலது கை ஆட்காட்டி விரலைத் தோள் உயரத்துக்குத் தூக்குவார், வகுப்பில் சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கிற பிள்ளை போல. "ஒரு அபிப்பிராயம் இருக்கு. சொல்ல அனுமதி உண்டா?" என்பார். சரி என்றால் சொல்வார். சொல்லி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்பார். நீங்கள் எவ்வளவு நேரம் திட்டினாலும் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசியில், "நல்லாச் சொன்னிய. ஆனா தப்பு" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார்.

அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால்? சொல்ல மாட்டார். சத்தியமாகச் சொல்ல மாட்டார். ஆனால் உள்ளே போன அபிப்பிராயம் ஜீரணமாகாது. விக்கல் எடுக்கும். தங்கை மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் விரலைத் தூக்கியிருக்கிறார். அந்த மனிதர் விவரம் தெரிந்தவர், "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று கும்பிட்டிருக்கிறார். முகூர்த்தத்திலிருந்து பந்தி முடியும்வரை அண்ணாச்சி விக்கியதில், வீடியோ எடுத்தவர் கெட்டிமேளத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று கேள்வி.

நான் மேலப்பாளையத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்துக் கரையில் அமலைச் செடி, அதுதான் ஆகாயத்தாமரை, மண்டிப்போனதால், காலைக் குளியலுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைப் படித்துறைக்கு வருவேன். அங்கே முதல்நாள் கண்ணெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு குரல்.

"பாய், உங்க ஆளுகளப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. சொல்ல அனுமதி உண்டா?"

பிரியாணியைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்து, "தாராளமா சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"உங்க ஆளுகளுக்குக் கொஞ்ச காலம் ஓட்டு இல்லாம வச்சுப் பாக்கலாம்னு நான் நினைக்கேன். தனித்தனியா எல்லாரும் தங்கம். நாலு பேராச் சேந்தா எனக்குப் பயமா இருக்கு. தப்பா எடுத்துக்கப்பிடாது. காதுகிட்ட நுரை இருக்கு, பாருங்க."

எரிச்சல் கண்ணிலா நெஞ்சிலா என்று எனக்குப் புரியவில்லை. தலையை முக்கி எழுந்து பார்த்தால், இடுப்பளவுத் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதி கரைந்து வழிய, ஒரு மனிதர் பணிவாகக் காத்திருக்கிறார். "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். சொன்னேன். என் வாப்பா, அவருடைய வாப்பா, இந்த ஆற்றில் எத்தனை தலைமுறை குளித்தோம், யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று, வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. படித்துறையில் துணி துவைத்தவர்கள் கல்லை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நான் மூச்சு வாங்க நின்றபோது அண்ணாச்சி கைக்கட்டை அவிழ்த்தார்.

"நல்லாச் சொன்னிய. ஆனா தப்பு. திரும்புங்க, முதுகு தேச்சு விடுதேன்."

எங்கள் படித்துறையில் அது வழக்கம். நம் கை நம் முதுகுக்கு எட்டாது, பக்கத்தில் நிற்பவர் தேய்த்துவிடுவார், அப்புறம் அவருக்கு நாம். யார், என்ன என்று கேட்பதில்லை. அன்று கோபத்தில் திரும்ப மறுத்தேன். அவர் வருத்தப்படவில்லை, தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன செய்ய? தேய்த்தேன். தோல் உரியட்டும் என்றே தேய்த்தேன். "சொகமா இருக்கு பாய்" என்றார் பாவி.

இவர் எங்கள் ஆட்களை மட்டும் குறிவைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விஷயத்தில் பாரபட்சமே கிடையாது. பெண்கள் சம்பாதிக்கப் போனதால்தான் மழை குறைந்தது என்று வீட்டுக்கு வந்த டீச்சரம்மாவிடம் அனுமதி பெற்றுச் சொல்லியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவருக்கு ஏன் ஓட்டுப் போடக் கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி விளக்கியிருக்கிறார். ஒரே ஒரு இடத்தில்தான் வசமாக மாட்டினார்.

கூடங்குளத்திலிருந்து மீன் கொண்டுவந்து வண்ணார்பேட்டையில் விற்கிற ஒரு அம்மா. அணு உலையை எதிர்த்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக் காசு வாங்கியவர்கள் என்பது அண்ணாச்சியின் திடமான அபிப்பிராயம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூடைக்கு நாலடி தள்ளி நின்று விரலைத் தூக்கினார். மீன் வாடைக்கே குளிக்கிற பரம சைவம்!

"சொல்லும் வே" என்றாள் அந்த அம்மா.

சொன்னார். "இப்ப நீங்க சொல்லுங்க தாயி" என்றும் சொல்லிவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அவள் ஆரம்பித்தாள். கடலில் ஆரம்பித்து, கரைக்கு வந்து, போலீஸ் வந்த கதை, வழக்கு வாய்தாவுக்கு அலைந்த கதை, புருஷன் வலையைச் சுருட்டி வைத்த கதை. நடுவில் சாளைக்கு விலை சொல்வாள், அயிலையைத் துண்டு போடுவாள், மறுபடி விட்ட இடத்தில் தொடங்குவாள். அண்ணாச்சி நகர முடியுமா? சட்டம் அவர் போட்டது. வெயில் ஏறியது. தலைக்குமேல் காக்கைகள். துண்டு நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கூடை காலியாகும்வரை நின்றார். கடைசியில் குரலே எழும்பாமல், "நல்லாச் சொன்னிய தாயி. ஆனா தப்பு" என்றார்.

"வெளிநாட்டுக் காசு வாங்கினவ இந்த வெயில்ல கூடை தூக்குவாளா வே? நாளைக்கும் வாரும், மிச்சம் இருக்கு" என்றாள் அவள். மறுநாளும் போனார், அதுதான் அனுமதி அண்ணாச்சி.

வாட்ஸப் வந்தபோது எல்லோரும் கெட்டுப்போனார்கள், இவர் மட்டும் திருந்தாமல் அப்படியே இருந்தார். எங்களைப் பற்றிய அசிங்கமான செய்தி ஏதாவது அவருக்கு வந்தால் முதலில் எனக்குத்தான் அனுப்புவார். அதற்கு முன்னால் குரல்பதிவு ஒன்று வரும்: "பாய், இதுக்குப் பொறவு ஒண்ணு அனுப்பப் போறேன். படிச்சா உங்களுக்கு வயிறு எரியும். சாப்பிட்டிட்டுப் படிங்க." நான் அது பொய் என்று நிரூபித்தால், "சரி, இது பொய். ஆனா இந்த மாதிரி நடந்திருக்கும்" என்பார். அவரோடு பேசி ஜெயித்தவன் கிடையாது. தோற்றவனும் கிடையாது, மறுநாள் காலை அதே தண்ணீரில் அதே முதுகு.

என் மகள் ஜமீலாவுக்கு இந்தச் சிநேகிதம் அறவே பிடிக்காது.

"வாப்பா, அந்த மனுசன்கூட ஏன் இன்னும் பேசுதிய? மரியாதையாச் சொன்னா மட்டும் அது வேற வார்த்தையாயிருமா?"

"அவர் எங்கிட்ட கேட்டுட்டுல்லா திட்டுதாரு. மத்தவன் கேக்காம திட்டுதான்."

"ரெண்டுமே திட்டுதான் வாப்பா."

கணக்கு டீச்சர். விடை சரியாகத்தான் இருக்கும்.

கதை இனிமேல் அவளுடையது. ஜமீலாவின் புருஷன் ஷார்ஜாவில். மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தான் வேலை பார்க்கும் வண்ணார்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பையனுக்கு இளைப்பு உண்டு, புகையில் பஸ்ஸுக்கு நின்றால் அன்று முழுக்க மூச்சுத் திணறும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே, நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு காலியானது. காற்றோட்டமான வீடு, முற்றத்தில் ஒரு வேம்பு. சென்னையிலிருக்கும் வீட்டுக்காரர் போனில் நல்லபடியாகத்தான் பேசினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல சார். தெரு சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றார். அந்தத் தெரு, அண்ணாச்சி குடியிருக்கிற தெரு. அன்றைக்கே சங்கத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் ஆற்றில் அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். விரல் எழுந்தது.

"உங்க மக வீட்டு விஷயமா ஒரு அபிப்பிராயம் இருக்கு பாய். சங்கத்துலயும் சொல்லணும். உங்ககிட்ட முதல்ல சொல்ல அனுமதி உண்டா?"

என்ன அபிப்பிராயமாக இருக்கும் என்று ஆற்று மீனுக்கும் தெரியும். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நான் சொன்னேன்: "இல்ல அண்ணாச்சி. இதுக்கு அனுமதி இல்ல. இங்கயும் சொல்லப்பிடாது, அங்கயும் சொல்லப்பிடாது."

அவர் விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு விக்கல். அப்புறம் இன்னொன்று. முதுகு தேய்க்காமலே கரையேறினார்.

நான் செய்தது சரிதான், இன்றும் சொல்கிறேன். அந்தத் தெருவில் மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமுள்ள ஆள் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் கொடுத்தனுப்புகிறவர்கள். அண்ணாச்சி வாயை அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சரைக் கேட்டிருக்க வேண்டும்.

சங்கக் கூட்டம் மருந்துக்கடை மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, கிண்ணத்தில் மிக்சர், காகிதக் குவளையில் டீ. எனக்கு முதல் வரிசையில் இடம். "பாய்க்கு ஃபேனுக்குக் கீழ போடுங்க" என்று ஒரே உபசாரம். சங்கத் தலைவர் எழுந்து, பாய் நம்ம ஆளு என்றார். செயலாளர் எழுந்து, பாய் நம்ம வீட்டு ஆளு என்றார். அப்புறம் பேராசிரியர் எழுந்தார். சமத்துவத்தைப் பற்றி மேடையில் அவர் பேசினால் கல்லும் கரையும். நான் போய்க் கைதட்டியிருக்கிறேன், ஒருமுறை பொன்னாடையும் போர்த்தியிருக்கிறேன்.

"ஜமீலா நம்ம வீட்டுப் பொண்ணு. இதுல மாற்றுக் கருத்துக்கே இடமில்ல" என்றார் பேராசிரியர். நான் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டேன். "ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா. கோடை வருது. நம்ம தெருவுல தண்ணி பைய பைய வருது. புதுசா ஒரு குடும்பம் வந்தா தாங்குமா? அந்தப் பொண்ணுதான் கஷ்டப்படும். அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

எல்லாத் தலைகளும் ஆடின. தண்ணீர் ஒரு பெரிய பிரச்சினை என்றது ஒரு தலை. ஒரு தாயும் பிள்ளையும் எவ்வளவு தண்ணீர் குடிப்பார்கள், தாமிரபரணியையா என்று கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது? எதிர்த்துத் திட்டுவதற்கு அங்கே யாரும் எதுவும் சொல்லவே இல்லையே! எல்லோரும் என் மகளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம். விக்கல்.

தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம். பெரியவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் பழி அவரோடு போய்விடும். "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"எனக்கு அனுமதி இல்ல" என்றார் அண்ணாச்சி. விக்கல்.

"யாரு வே அனுமதி கொடுக்கல? சங்கம் கொடுக்குது, சொல்லுங்க."

"அது எனக்கும் பாய்க்கும் உள்ளது." விக்கல். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். "தட்டுப்பாடா இருக்குன்னுதானே இவ்வளவு நேரம் பேசினிய" என்று குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று கூட்டம் முடிந்தது. படியிறங்கும்போது பேராசிரியர் என் தோளில் கைபோட்டு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். நான் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அந்த மாதமே அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்தது. தாத்தா முதல் பேரன்வரை எட்டுப் பேர், துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று, குளிப்பாட்ட ஒரு நாய். அவர்கள் வந்ததும் தெருவில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜமீலா அழவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பழையபடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "இனிமே யாருகிட்டயும் என் வீட்டுக்காக மரியாதையாப் பேசாதிய வாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஆற்றுக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். வீட்டுக் குழாய் எனக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் போனேன். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். விக்கல் இன்னும் நிற்கவில்லை என்று சோப்பு விற்கிறவர் சொன்னார். விரலைத் தூக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அனுமதி கொடுக்கேன். அன்னைக்கு என்ன சொல்ல இருந்திய?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் பாய்" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. "உங்க ஆளுக எங்க தெருவுல வர்றது எனக்குப் பிடிக்கல. இன்னைக்கும் பிடிக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

என் கையைப் பார்த்தேன். இந்தக் கையால்தான் அத்தனை வருஷம் அவர் முதுகைத் தேய்த்திருக்கிறேன். முதுகைத் தொடலாம், தெருவில் குடியிருக்கக் கூடாது!

"ஆனா தண்ணின்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "இதுதான் காரணம்னு உங்க முகத்தப் பாத்துச் சொல்லியிருப்பேன். நீங்களும் எந்திரிச்சு, அத்தனை பேரு முன்னாலயும் என்னை நார் நாராக் கிழிச்சிருப்பிய. அந்தப் பிள்ளைக்கு அதுகூடக் கிடைக்கலியே. நல்ல வார்த்தையாச் சொல்லி அனுப்பிட்டானுவோ, சவத்துப் பயலுவோ." கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னேன். பையனின் இளைப்பைச் சொன்னேன், இரண்டு பஸ்ஸைச் சொன்னேன், அந்த வேம்பைச் சொன்னேன். சங்கத்தில் சொல்ல முடியாததை எல்லாம் சொன்னேன். பேராசிரியருக்கு உரியதையும் சேர்த்து இவர் தலையிலேயே கொட்டினேன். அழுகை வந்தது, அதையும் நிறுத்தவில்லை. ஆற்றில் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி அசையாமல் கேட்டார்.

"நல்லாச் சொன்னிய" என்றார்.

அடுத்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீரைக் கோரித் தலையில் ஊற்றிக்கொண்டார். மனசு மாறிவிட்டதோ என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுக்காரருக்கு அவர் ஒரு போன் போடவில்லை, சங்கத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் தண்ணீர் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது, அந்த இரண்டு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அண்ணாச்சிக்கு வாதம் அடித்துவிட்டது. இடது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. பார்க்கப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று ஜமீலாவைக் கேட்டேன். "நான் அந்தத் தெருவுக்கு வரல வாப்பா. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டான், போட்ட கையோடு ஆரம்பித்துவிட்டான். உங்க ஆளுக இப்படி, உங்க ஆளுக அப்படி. அப்பாவின் அபிப்பிராயங்கள்தான், ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தன. என்னைக் கேட்கவும் இல்லை, என் பதிலுக்கு நிறுத்தவும் இல்லை. போனில் படம் வேறு காட்டினான்.

கட்டிலில் ஏதோ அசைந்தது. அண்ணாச்சியின் வலது கை மெதுவாக மேலே வந்தது. ஆட்காட்டி விரல் தோள் உயரத்துக்கு எழுந்து மகன் பக்கம் நின்றது. அவன் கவனிக்கவில்லை, அவன் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். விரல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பியது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "அனுமதி உண்டு."

உதடு கோணியது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வார்த்தை வரவில்லை, ஒரு விக்கல்தான் வந்தது.

வாரம் ஒருமுறை இப்போதும் போகிறேன். வெந்நீரில் துணியை நனைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிடுவேன். விரல் எழும், அனுமதி கொடுப்பேன், விக்கல் வரும். அது என்ன மட்டமான அபிப்பிராயமாக இருந்தாலும் இருக்கட்டும். அதை ஒருதடவை அவர் வாயால் கேட்டு, மூச்சு வாங்க அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டும், ஆண்டவனிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.